பினாங்கு அக்காவின் மரம்

புதுத் துளிர் எதைப் பார்த்தாலும் அவள் கையால் தொட மாட்டாள். குனிந்து கீழுதட்டில் வைத்துப் பார்ப்பாள். முத்தம் கொடுப்பதுபோல இருக்காது, குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பதுபோல இருக்கும். துளிரின் காம்பை உதட்டின்மேல் மெல்ல இழுத்து, கண்ணை மூடிக் கொஞ்சம் நின்றுவிட்டு, "இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

தண்டையார்பேட்டையில் ஒரு மரக்கிடங்கின் பின்சுவரை ஒட்டி இருந்த வரிசை வீடுகளில் அப்போது நாங்கள் குடியிருந்தோம். உலகச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. நான் கல்யாணமாகி வந்தபோதே அவள் கடைசி அறையில் தனியாக இருந்தாள். நாற்பது வயது இருக்கும். தெருவுக்கு அவள் பினாங்குக்காரி. நான் அக்கா என்பேன். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். பெயர் விஷயத்தில் அவளுக்கு இருந்த எண்ணத்துக்கு அதுதான் மரியாதை.

அவளுடைய அப்பா காத்திவாக்கத்து மீனவர். கடலை விட்டுவிட்டு, காடு வெட்டி ரப்பர் நடும் வேலைக்கு மலேயாவின் பினாங்குக்குக் கப்பலேறிப் போனவர். அம்மா அந்த ஊர்க்காரி. இரண்டு பேரும் சண்டைக் காலத்தில் இறந்துவிட்டார்கள். வீடும் எரிந்துவிட்டது. சண்டை முடிந்ததும் முதலில் கிடைத்த கப்பலில் இவள் அப்பாவின் ஊரைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். மூக்கும் கன்னமும் நம் ஊர் முகமாக இருக்காது. ஆனால் வாயைத் திறந்தால் எங்கள் எல்லாரையும்விடப் பழைய காத்திவாக்கத்துப் பேச்சு. அப்பா கப்பலேறிய அன்றைக்கு அவர் வாயில் என்ன தமிழ் இருந்ததோ அதுவே அவளிடம் இருந்தது. முகத்தைப் பார்த்துப் பேச வந்தவர்கள் பேச்சைக் கேட்டுத் திகைப்பார்கள். பேச்சைக் கேட்டுத் திரும்பியவர்கள் முகத்தைப் பார்த்துத் திகைப்பார்கள்.

என்னோடு அவள் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், நான் கேள்வி கேட்காதவள். எனக்குக் கூச்சம் அதிகம். ஐந்தாவது வரைக்கும் படித்தேன். வாத்தியார் கேட்டால் பதில் தெரிந்தாலும் வாய் திறக்காது. என் மாமியார் இதற்கு நேர் எதிர். அவர் குரல் எங்கள் வரிசையின் ஒரு முனையில் கேட்டால் மறுமுனையில் காக்கை பறக்கும். குழாயடியில் முதல் நாளே பினாங்கு அக்காவைப் பிடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

"ஏம்மே, நீ இன்னா ஆளு?"

"ஆளுதான் யக்கா."

"அத்த கேக்கல. இன்னா ஜனம்னு கேக்கறேன்."

"அப்பன் வழி கேட்டா காத்திவாக்கத்துல கேளு. ஆத்தா வழி கேட்டா கப்பலேறி போய் கேளு. நான் இன்னா ஜனம்னு எனுக்கே இன்னும் தெரியல. தெரிஞ்சதும் மொதல்ல உனுக்குத்தான் சொல்றேன்."

என் மாமியாருக்கு அன்றைக்கு வந்த கோபம் வெகுநாள் போகவில்லை. "கொழுப்ப பாரு" என்பார். ஆனால் குடத்தை நகர்த்தி அவளுக்கும் இடம் விடுவார்.

பெயர் விஷயத்தில் அவளுக்கு ஓர் எண்ணம் என்றேனே, எதற்குமே பெயர் வைக்க மாட்டாள். அவள் அறையில் ஒரு பூனை வந்து குட்டி போட்டது. குட்டிகள் வளர்ந்து சுவரேறிக் குதிக்கும்வரை, 'அது', 'இது' என்றுதான் கூப்பிட்டாள். காசிமேட்டில் வலை உதறும்போது மிஞ்சுகிற மீன் இருக்கும். இது வவ்வாலும் இல்லை, பாறையும் இல்லை என்று மீன்காரிகள் ஒதுக்கிப் போடுவார்கள். அதைத்தான் தேடி வாங்கி வருவாள். "பேரு தெரியாத மீன துன்னுட்டு ஒரு நாளைக்கு வாய பொளக்கப் போற" என்பார் மாமியார். "மீனுக்கு என் பேரு தெரியுமா யக்கா? அது வந்து குழம்புல குந்திகினு கீதே" என்பாள்.

எனக்கு வயிற்றில் பிள்ளை தங்கியபோது வரிசை முழுக்க ஆளுக்கொரு ஜோசியம். நடையைப் பார்த்து ஆண் என்றார்கள். முகத்தைப் பார்த்துப் பெண் என்றார்கள். அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று எல்லாருக்கும் தெரியும். "வரட்டும். இன்னா அவசரம்?"

மரக்கிடங்கில் அவளுக்குப் பட்டை உரிக்கிற வேலை. ஹார்பரில் இறங்குகிற பெரிய பெரிய மரங்கள் மாட்டு வண்டியில் வந்து அங்கே குவியும். பர்மாவிலிருந்து, அந்தமானிலிருந்து, மலேயாவிலிருந்து. மேஸ்திரி தார் வாளியோடு வந்து ஒவ்வொரு மரத்தின் அடியிலும் அடையாளம் போடுவார். தேக்குக்கு ஒன்று, படாக்குக்கு ஒன்று, கோங்குக்கு ஒன்று. என்ன மரம் என்று தெரியாதது எத்தனை வந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே கோடு. அதற்குக் காட்டு மரம் என்று பெயர். காட்டு மரம் என்றால் விலை இல்லை. டீப்பெட்டி அடிக்க, பந்தல் போட, அடுப்பெரிக்க. அந்தக் கோடு போட்ட குவியல்தான் எப்போதும் பெரிதாக இருக்கும்.

"எல்லா மரமும் காட்டுலேர்ந்துதானே வருது மேஸ்திரி. தேக்கு இன்னா கடலுல முளைக்குதா?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"அப்ப நீ சொல்லு, இது இன்னா மரம்?"

"எனுக்குந் தெரியாது."

"தெரியாதுல்ல? அப்ப பட்டைய உரி."

அவர் சிரிப்பார், அவளும் சிரிப்பாள். பகை ஒன்றும் கிடையாது. மேஸ்திரிக்குப் பெயர் வேண்டும், பெயர் இருந்தால்தான் விலை சொல்ல முடியும். அவளுக்கு வேண்டாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளுடைய மரம் குழாயடிக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவில் நின்றது. குழாய்த் தண்ணீர் வழிந்தோடுகிற இடம். நான் வந்தபோது ஓட்டு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பார்த்தால் பலாபோல இருக்கும். ஆனால் இலை பலாவைவிடப் பெரிது. அதைவிட, துளிர்க் காம்பில் சன்னமாகப் பழுப்பு முடி இருக்கும். நம் பலாவுக்கு அது கிடையாது, வழவழவென்று இருக்கும். அவள் உதட்டில் வைத்துப் பார்த்தது அந்த முடியைத்தான், வரல என்று சொன்னது காய்க்கிற பருவத்தை.

அந்த மரத்தின் கதையை அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. மரத்தூள் குவியலில் உட்கார்ந்து நான் கீரை ஆயும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. அவளுடைய அப்பா கப்பலேறும்போது வீட்டுப் பலாவின் கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே வீட்டு வாசலில் நட்டார். அது வளர்ந்தது. அதன் பக்கத்திலேயே அம்மா வீட்டார் வைத்த மரம் ஒன்று நின்றது. செம்படாக் என்று அந்த ஊரில் சொல்வார்களாம். பலாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. பழம் சிறிது, வாசனை பெரிது, காம்பிலும் இலையிலும் முடி. இரண்டு மரமும் வீட்டோடு எரிந்துபோயின. அதற்குப் பல வருஷம் முன்பே அம்மா மரத்துக் கொட்டை ஒன்றிலிருந்து வேறொரு வீட்டில் முளைத்துக் காய்த்து நின்ற மரத்திலிருந்து சில கொட்டைகளை எடுத்து, ஈரக் கரித்தூளில் புதைத்து, இவள் கப்பலில் கொண்டுவந்தாள். வழியில் எலி தின்றது போக, அழுகியது போக, ஒன்று முளைத்தது.

"அந்த வூட்டு மரம் அம்மா மரத்து அடியில பொறுக்குன கொட்டையில மொளச்சது. ஆனா பூ பூக்கறப்ப அப்பா மரம் பக்கத்துலயே நின்னுகினு இருந்துச்சே. காத்தும் பூச்சியும் வேலி பாக்குமா? இது முழுசா அம்மாவா, பாதி அப்பாவா, எனுக்குத் தெரியாது கண்ணு. பழுத்தாதான் தெரியும். ஒரே ஒரு தபா பழுக்கறத பாத்துட்டா போதும்."

அவளிடம் அந்த ஊரிலிருந்து மிஞ்சியது அந்த மரம் ஒன்றுதான்.

அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் மாறும். வருஷம் பூராவும் மழை பெய்கிற காடு. நம் ஊர்த் தோப்பு மாதிரி கிடையாதாம்.

"நம்ம தோப்புன்னா மா பக்கத்துல மா, தென்ன பக்கத்துல தென்ன. அங்க ஒரு மரத்தோட சொந்தத்த தேடிகினு போனா கால் நோவும். பக்கத்துல நிக்கறதெல்லாம் ஒண்ணுவுட்ட சொந்தம், ரெண்டுவுட்ட சொந்தம், இல்லன்னா யாரோ."

நான் அபூர்வமாக ஒரு கேள்வி கேட்டேன். "அப்ப பூ பூத்தா?"

"பூச்சிக்கு இன்னா தெரியும்? சொந்தத்தாண்ட போவணும்னா மலைய தாண்டணும். இங்க பக்கத்துலயே பங்காளி பூத்துகினு கீறான். போற வழியில அங்க கொஞ்சம் ஒரசிகினு போவும்."

"அப்படி முளைக்கறது?"

"முக்காவாசி செத்துபூடும். கொஞ்சம் வளரும், காய்க்காது. எங்கனா ஒண்ணு, ஆத்தாளும் அப்பனும் நிக்க முடியாத எடத்துல போயி நிக்கும். சேறு, பாற, ஓடக்கரை. அவங்களுக்கு ஆவாத எடம் இதுக்கு ஆவும். அங்கயே நின்னு காய்ச்சு, அதோட புள்ளைங்களும் காய்ச்சா, ரொம்ப காலத்துக்கு அப்புறம் அது ஒரு தனி ஜாதி. காடு அப்படித்தான் ரொம்புச்சுன்னு எங்கப்பாவுக்கு அந்தக் காட்டு ஜனங்க சொல்லுவாங்களாம்."

இதை இப்போது என் பேத்தியிடம் சொன்னேன். அவள் செடிகொடிகளைப் பற்றித்தான் பெரிய படிப்பு படிக்கிறாள். உடனே சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அந்த மாதிரிக் காட்டுல மரங்க கலக்கறது ரொம்ப அபூர்வம்னுதான் நெறைய பேர் நெனச்சுட்டு இருந்தாங்க பாட்டி. இப்ப பாத்தா அங்கங்க கலந்திருக்குன்னு தெரியுது. அதுக்காக எல்லா ஜாதியும் அப்படித்தான் வந்துச்சுன்னு சொல்லிட முடியாது. எவ்ளோ தூரம் அதனாலன்னு இன்னும் தெரியல" என்றாள். இன்னும் தெரியல. அக்கா கேட்டிருந்தால் பேத்தியை உச்சி முகர்ந்திருப்பாள்.

காத்திவாக்கத்தில் அவளுக்கு ஓர் அத்தை இருந்தார். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. ஊர் வந்து சேர்ந்த புதிதில் அவரைத்தான் தேடிப் போயிருக்கிறாள். முற்றத்தில் இலை போட்டுச் சோறும் மீன் குழம்பும் போட்டாராம். சாப்பிடுகிறவரை முகத்தையே பார்த்திருந்துவிட்டு, "அண்ணன் பொண்ணுன்ற. எங்க அண்ணன் மூஞ்சி எங்க இதுல?" என்று கேட்டாராம். உள்ளே கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் அக்கா ஒவ்வொரு ஆடிக்கும் ஒரு கட்டுச் சிராயை ரயிலில் ஏற்றிக்கொண்டு போவாள். பட்டை உரிக்கிறவர்களுக்கு அந்த மரச்சில்லுகள்தான் மாமூல். அத்தை அதை வாங்கி அடுப்படியில் போட்டுக்கொள்வார், முற்றத்தில் சோறு போடுவார், அனுப்பிவைப்பார்.

"அந்தக் கெழவிக்கு எதுக்கும்மே தூக்கினு போற? பேமானிதனமா வாசல்லயே குந்த வெக்கிறா" என்று என் மாமியார் பொரிந்தார்.

"அத்தைக்கு இன்னும் வரல யக்கா. வரும்போது வரட்டும்."

இப்படி இருக்கும்போதுதான் கிடங்கு முதலாளி பின்பக்கம் ஒரு பெரிய கொட்டகை போட முடிவு செய்தார். அறுவை மிஷின் வரப்போகிறது என்றார்கள். மரம் சரியாக அந்த இடத்தில் நின்றது. முதலாளி கெட்டவர் இல்லை. பக்திமான். அவர் வீட்டு அம்மாளுக்குப் பயம் அதிகம், காய்க்கிற மரத்தை வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அந்த அம்மாளின் நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் எல்லாருக்குமே அந்த நம்பிக்கை உண்டு. காய்க்காத மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. "இத்தனை வருஷம் நிக்குது, ஒரு பிஞ்சு இல்ல. இந்த ஆனி வரைக்கும் பாக்கறேம்மா. காய்ச்சா கொட்டகைய வளைச்சுக் கட்டிக்கிறேன். இல்லன்னா என்னை ஒண்ணும் சொல்லாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத் துளிரை உதட்டில் வைத்துக்கொண்டு அக்கா நின்ற நேரம் வழக்கத்தைவிட அதிகம்.

வழி சொன்னது என் மாமியார்தான். காய்க்காத மரத்தை மிரட்டுவது எங்கள் வழக்கம். ஒருவர் அரிவாளை ஓங்கித் திட்ட வேண்டும். இன்னொருவர் குறுக்கே நின்று, 'வெட்டாதே, வருகிற பருவத்தில் காய்க்கும், நான் ஜாமீன்' என்று சொல்ல வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி ஜாமீன் நின்றால் இன்னும் விசேஷம். திட்டுகிற ஆளுக்கு எங்கள் வரிசையில் போட்டியே இல்லை. பிள்ளைத்தாய்ச்சி நான்.

மார்கழி முடிந்து தை பிறந்திருந்தது. விடிந்தும் விடியாமல் எல்லாரும் குழாயடியில் கூடிவிட்டார்கள். மாமியார் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு அரிவாளை ஓங்கினார்.

"ஏ சோம்பேறி மரமே, கொழாத் தண்ணிய குடிச்சு குடிச்சு ஒடம்ப வளத்துகினு குந்திகினு கீறியா? ஊரு பேரு தெரியாத கழுத. ஒரு பிஞ்சு வுட துப்பில்ல. நெழலு மட்டும் நல்லா வுடறியா? உன்ன இன்னிக்கி சிராயாக்கி அடுப்புல வெக்கல, நான் தண்டார்பேட்டகாரி இல்ல."

திட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாமியார் ஓங்கிய கையை இறக்காமல் நின்றார். "சொல்லேன்டி, கை நோவுது" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க" என்றாள் அக்கா. "அவ மெதுவாத்தான் சொல்லுவா. மரம் செவிடில்ல."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தோடு போய் ஒட்டி நின்று, பட்டையின்மேல் வாயை வைத்துச் சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மாமியார் அரிவாளை இறக்கினார். "ஜாமீன் கெடச்சுடுச்சு, போ" என்று மரத்தைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

அந்த மாதக் கடைசியிலேயே கிளைகளில் விரல்போலச் சில பிஞ்சுகள் வந்தன. வரிசையே கொண்டாடியது. அவை பொய்ப்பிஞ்சுகள். கறுத்து உதிர்ந்துவிட்டன. அக்கா பெருக்கி அள்ளினாள். பிறகு ஒருநாள், யாரும் பார்க்காத இடத்தில், அடிமரத்தில் தரையை ஒட்டி, பச்சையாக ஒன்று முள்ளும் முனையுமாகத் தலை நீட்டியது. முதலில் பார்த்தது பூனை. அதைச் சுற்றி வந்து முகர்ந்துகொண்டிருந்தது.

காய் பெருத்தது. எனக்கு மகன் பிறந்து நான் தாய் வீட்டிலிருந்து திரும்பியபோது கைப்பிள்ளை அளவு இருந்தது. பலாபோல உருண்டு திரளாமல் தலையணை மாதிரி நீண்டிருந்தது. முள் மழுங்கல். மேஸ்திரி வந்து குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இது பலா இல்லீங்க முதலாளி. காய்க்கிற மரம்னா மா, பலா, தென்ன, புளின்னு ஒரு பேரு வோணும். பேரு இல்லாதது காட்டு மரம். காட்டு மரத்துல கூடத்தான் எதுனா காய்க்குது. அத்த தெனைக்கும் அறுத்துகினுதானே கீறோம்? அதுக்கு இன்னா பாவம் வந்துச்சு?"

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. முதலாளிக்கும் பட்டது. ஆனால் அவர் மனசு மரத்தை விட்டுவிடத்தான் வழி தேடியது என்று எனக்குத் தோன்றியது. அக்காவைப் பார்த்துக் கேட்டார், "ஏம்மா, இது பலாதானே? நீதானே நட்ட. பலான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

மாமியார் பின்னாலிருந்து அவள் இடுப்பில் இடித்தார். எல்லார் வாயிலும் அந்த ஒரு சொல் நின்றது. பலா. ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"தெரியலீங்க முதலாளி" என்றாள் அக்கா. "பழுக்கட்டும்."

"பழுத்தா மட்டும் யாருக்குத் தெரியும்?" என்றார் மேஸ்திரி.

அவள் மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "எங்கப்பா வூட்டு பலாவ துன்னவங்க ஒருத்தங்க கீறாங்க. காத்திவாக்கத்துல. அவங்க சொன்னா சரி."

"கூட்டிக்கிட்டு வா. அவங்க பலான்னு சொன்னா மரம் நிக்கும்" என்று முதலாளி போய்விட்டார்.

கூட்டிக்கொண்டு வா என்பது சுலபம். அக்கா போகவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. பழம் மஞ்சளும் பழுப்புமாக நிறம் மாறி, வாசனை வர ஆரம்பித்தது. பலாவும் காய்ச்சின நெய்யும் இன்னும் என்னவோவும் சேர்ந்த வாசனை. தெருக்கோடி வரை போயிற்று. கேட்டால், "அத்தை தானா வரணும், நான் போயி இஸ்துகினு வரக்கூடாது. அது பழுக்காத பழத்த அறுக்கற மாரி" என்றாள்.

"பேஜாருடி உன்னோட" என்று என் மாமியார் ஒருநாள் காலையில் புடவையைச் சொருகிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மத்தியானம் காத்திவாக்கத்து அத்தையோடு ரயிலிலிருந்து இறங்கி வந்தார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்திருப்பார் போலிருக்கிறது, தொண்டை கட்டியிருந்தது.

அத்தை மெலிந்த கறுத்த உருவம். காதில் பாம்படம் கழற்றிய ஓட்டை தோள்வரை தொங்கியது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முதலாளியும் மேஸ்திரியும் வந்து நின்றார்கள். மாமியார் எண்ணெய் தடவிய கத்தியால் பழத்தைச் சுற்றிலும் கீறினார். அக்கா குனிந்து காம்பைப் பிடித்து இழுத்தாள். தோல் கழன்று, சுளைகள் அத்தனையும் தண்டோடு சேர்ந்து கொத்தாக வந்தன. பலாப்பழம் அப்படி வராது. மேஸ்திரி முதலாளியை ஒரு பார்வை பார்த்தார்.

அக்கா ஒரு சுளையைப் பிய்த்து இரண்டு கையாலும் அத்தையிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். என் மாமியார் முணுமுணுவென்று எந்த அம்மனையோ கூப்பிட்டார். அத்தை வாயில் போட்டு மென்றார். பல் அதிகம் இல்லை, நேரம் ஆயிற்று. கடைசியில் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கிழவி அக்காவைப்போலவே கண்ணை மூடுகிறாரே என்று அப்போதுதான் பார்த்தேன்.

"நுனியில புளிக்குது" என்றார்.

"என்ன?" என்றார் முதலாளி.

"எங்கப்பன் கெணத்தாண்ட ஒரு பலா வெச்சிருந்துச்சு. சொளைய முழுங்கினப்பறம் நுனி நாக்குல ஒரு புளிப்பு நிக்கும். வேற எந்தப் பலாவுலயும் கெடியாது. உப்புக் காத்தாலன்னு சொல்லும். நான் சின்னப் பொண்ணா இருக்க சொல்ல புயல்ல வுழுந்துச்சு. அதுக்கு மிந்தியே அண்ணன் கப்பலேறிடுச்சு. கொட்டைய மடியில கட்டிகினு போச்சு. 'கப்பல்ல சுட்டுத் துன்னவாடா'ன்னு ஆத்தா சிரிச்சுது." கையிலிருந்த கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க வூட்டுப் பலா."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. என் மாமியார் தரையில் உட்கார்ந்தே விட்டார்.

"பாதிதான் அத்தே" என்றாள் அக்கா.

"வாய மூடுமே" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"அதுவே சொல்லுது பாருங்க முதலாளி, பாதின்னு" என்றார் மேஸ்திரி.

முதலாளி மரத்தை மேலும் கீழும் பார்த்தார். ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "பாதி பலான்னா பாதிப் பாவம் உண்டு இல்லையா மேஸ்திரி? அந்தப் பாதி மட்டும் நமக்கு எதுக்கு? கொட்டகைய வளைச்சுக் கட்டு" என்று சொல்லிவிட்டு, வீட்டு அம்மாளுக்கு என்று நாலு சுளையை இலையில் வாங்கிக்கொண்டு போனார். மேஸ்திரியும் ஒன்றைத் தின்றுவிட்டு, "சோக்காத்தான் கீது" என்று இரண்டாவதுக்குக் கை நீட்டினார்.

கூட்டம் கலைந்தது. அத்தை மட்டும் கிளம்பவில்லை. மரத்தடியில் மெல்லக் குந்தி உட்கார்ந்தார். இன்னொரு சுளையைத் தானே பிய்த்துக்கொண்டார்.

"புளிப்பு எங்களுது" என்றார். "இந்த வாசன யாருது?"

"எங்கம்மாவுது."

அத்தை தின்று முடித்தார். கொட்டையை முந்தானையில் துடைத்து மடியில் முடிந்துகொண்டார்.

"உங்கம்மா பேரு இன்னா?"

வந்து இத்தனை வருஷத்தில் அதை யாரும் அக்காவிடம் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை. அவள் சொன்னாள். நம் வாயில் புழங்காத ஓசை. நடுவில் ஓர் இடத்தில் மூக்கால் சொல்ல வேண்டியிருந்தது.

அத்தை சொல்லிப் பார்த்தார். வரவில்லை. மறுபடியும் சொன்னார். அது வேறு ஏதோ பெயராக வந்து விழுந்தது. கிழவிக்கு வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு தடவை முயன்றார்.

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தண்டில் ஒட்டியிருந்த பாலை அவர் விரல்களிலிருந்து எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட ஆரம்பித்தாள்.

"வரும் அத்தே. இன்னா அவசரம்?"